அந்த 36 க்யூப்

போன மாசம் நம்ம இதழ்க் குழுவுல இருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். "அக்கா, நீங்க சிவில் முடிச்சிட்டு எதிக்ஸ்ல மாஸ்டர்ஸ் பண்றீங்களாமே, அதைப் பத்தி எழுதித் தர முடியுமா?" சரின்னேன். கொஞ்சம் தயங்கிட்டு, "அது... எதுக்குக்கா?"ன்னு கேட்டார்.

இந்தக் கேள்வி எனக்குப் புதுசில்லை. வீட்டுல கேட்டாங்க, ஆபீஸ்ல கேட்டாங்க, சொந்தக்காரங்க கல்யாண வீட்டுப் பந்தியில வெச்சுக் கேட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு பதில் சொல்லி ஒப்பேத்தியிருக்கேன். உங்களுக்கு மட்டும் நிஜத்தைச் சொல்லலாம்னு இருக்கேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு தகவல். நம்ம 'ப்ரொஃபஷனல் எதிக்ஸ் இன் இன்ஜினியரிங்' எலெக்டிவ் இருக்கே, அதுல எனக்கு ஓ கிரேடு. நீங்களும் அந்தப் பேப்பரைப் படிச்சிருப்பீங்க, இல்லைன்னா சீக்கிரமே படிப்பீங்க. அஞ்சு யூனிட். முதல் யூனிட்ல நேர்மை, இரக்கம், கூடவே யோகா, தியானம். நடுவுல கோல்பெர்க், கில்லிகன். அப்புறம் 'பொறியியல் என்பது ஒரு சமூகப் பரிசோதனை'ன்னு ஒரு யூனிட். பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில ஒருத்தி படிக்க, மத்த நாலு பேர் கேட்டுக்கிட்டே மேகி சாப்பிட்ட பேப்பர் அது. 'விசில் ப்ளோயிங்'னா என்ன, அது எப்போ நியாயம்னு கேட்டா நாலு பாயின்ட் எழுதி, ஒவ்வொண்ணுக்கும் அடியில கோடு போட்டா மார்க் வந்துடும். நான் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டேன்.

அந்த ஓ கிரேடு வாங்கின ஆள்தான், வேலையில சேர்ந்த எட்டாவது மாசம், நடக்காத டெஸ்டுக்கு ரிசல்ட் எழுதிக் கையெழுத்து போட்டேன்.

சென்னைக்கு வெளியில ஒரு அபார்ட்மென்ட் சைட். கீழ பார்க்கிங், மேல 5 மாடி. கம்பெனி பேரையும் ஏரியா பேரையும் சொல்லப் போறதில்லை. காரணம் கடைசியில உங்களுக்கே புரியும். நான் அங்கே க்யூசி இன்ஜினியர். மத்த டிபார்ட்மென்ட் ஆளுங்களுக்காகச் சுருக்கமாச் சொல்லிடறேன். கான்கிரீட் போடும்போது அதுலயிருந்தே கொஞ்சம் எடுத்து, 150 மில்லிமீட்டர் க்யூப் அச்சுல நிரப்பி, மறுநாள் அச்சைக் கழட்டித் தண்ணித் தொட்டியில போட்டு வெப்போம். 28 நாள் கழிச்சு மெஷின்ல வெச்சு நசுக்குவோம். எத்தனை கிலோநியூட்டன்ல உடையுதோ அதை வெச்சு அந்த கான்கிரீட்டோட பலம் தெரியும். மூணு க்யூப் சேர்ந்தது ஒரு சாம்பிள். எவ்வளவு கான்கிரீட்டுக்கு எத்தனை சாம்பிள்னு ஐ.எஸ். 456ல அட்டவணையே இருக்கு. 5 கன மீட்டர் வரைக்கும் 1, 15 வரைக்கும் 2, 30 வரைக்கும் 3, 50 வரைக்கும் 4, இப்படிப் போகும். ஏறின கட்டடத்தை யாரும் நசுக்கிப் பார்க்க முடியாது. அதுக்குப் பதிலா நசுங்கறதுதான் இந்த க்யூப்.

எங்க சைட் மெஷின் ரிப்பேர் ஆச்சு. வெளி லேபுக்கு அனுப்பணும்னா வண்டி வேணும், காசு வேணும், கையெழுத்து வேணும். மழைக்கு முன்னாடி மேல் மாடியை முடிச்சாகணும்னு ராத்திரி பகலா வேலை. அந்த அவசரத்துல சில நாள் க்யூப் போட்டோம், உடைக்கலை. சில நாள் போடவே இல்லை. கணக்குப் பார்த்தா 12 சாம்பிள், 36 க்யூப் விட்டுப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெரியுது, திங்கட்கிழமை கன்சல்டன்ட் ஆடிட்டுக்கு வர்றார்.

எங்க ப்ராஜெக்ட் மேனேஜர் சார் கெட்டவர் இல்லை. இதை நான் முன்னாடியே சொல்லிடணும், ஏன்னா கதையில வில்லன் இருந்தா நமக்கு வசதி. தினமும் "சாப்பிட்டியாம்மா?"ன்னு கேக்கற மனுஷர். லேடீஸ் டாய்லெட் இல்லாத சைட்ல எனக்காகச் சண்டை போட்டு ஒண்ணு கட்ட வெச்சவர். அவர் சொன்னார்: "கலவை வந்த கம்பெனி ரிப்போர்ட் எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. மெஷின் ரிப்பேர்ல நம்மளுது விட்டுப்போச்சு, அவ்வளவுதான். ரெஜிஸ்டரை மட்டும் முடிச்சு வெச்சுடு."

முடிச்சு வெச்சேன். எப்படின்னு கேளுங்க. எம்25 கான்கிரீட், அதனால பலம் 29ல இருந்து 33க்குள்ள இருக்கற மாதிரி எண்களை முதல்ல தேர்ந்தெடுத்தேன். அதுலயிருந்து பின்னாடி போய் லோடைக் கண்டுபிடிச்சேன். 30 வேணும்னா 675 கிலோநியூட்டன். ஒரே சாம்பிள்ல மூணு க்யூபும் ஒரே மாதிரி வந்தா சந்தேகம் வரும். சராசரியில இருந்து 15 சதவீதத்துக்கு மேல விலகினா சாம்பிளே செல்லாது. அதனால ரெண்டுக்கும் நடுவுல, நம்பற மாதிரி ஏத்தி இறக்கினேன். ஒரு சாம்பிளை வேணும்னே கொஞ்சம் கம்மியா வெச்சேன், எல்லாமே நல்லா இருந்தா நல்லா இருக்காதேன்னு. வேற வேற நாள்ல எழுதின மாதிரி இருக்கணும்னு பேனா மாத்தினேன். ஐ.எஸ். 456 தெரியாதவளா இருந்திருந்தா அவ்வளவு நல்லா ஏமாத்தியிருக்க முடியாது.

திங்கட்கிழமை கன்சல்டன்ட் வந்தார். டீ குடிச்சார். ரெஜிஸ்டரை ரெண்டு மூணு பக்கம் புரட்டினார். "ரெக்கார்ட்ஸ் நீட்டா மெயின்டெய்ன் பண்றீங்கம்மா"ன்னார். எனக்குச் சந்தோஷமா இருந்தது. இத்தனை வருஷத்துல என்னை ரொம்பத் தொந்தரவு பண்ணினது அந்தச் சந்தோஷம்தான்.

அப்புறம் வேற கம்பெனி, வேற ஊர். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் பஸ்ல அந்தப் பக்கமாப் போனேன். கட்டடத்துக்குப் பெயின்ட் அடிச்சு, ஆளுங்க குடி வந்துட்டாங்க. நாலாவது மாடி பால்கனியில ஒரு குட்டி மூணு சக்கர சைக்கிள். மொட்டை மாடியில யாரோ வேஷ்டி விரிச்சு வடாம் காயப் போட்டிருந்தாங்க. பஸ் சிக்னல்ல நின்ன அந்த ஒரு நிமிஷத்துல எந்தெந்த மாடியில எந்தெந்தத் தேதின்னு எனக்கு வரிசையா ஞாபகம் வந்தது. மூணாவது மாடி ஸ்லாப், நாலாவது மாடி பில்லர்கள், படிக்கட்டு.

நான் ஸ்கூல்ல படிச்சப்போ மவுலிவாக்கத்துல 11 மாடிக் கட்டடம் விழுந்தது. 2014 ஜூன் 28. 61 பேர் செத்துப்போனாங்க. டிவியில நாள் முழுக்கக் காட்டினாங்க, அப்பா சேனலை மாத்தவே இல்லை. பக்கத்துல இருந்த இன்னொரு கட்டடத்தை 2016ல வெடி வெச்சு இடிச்சாங்க, அதையும் லைவ்ல பார்த்தோம். நியாயமாச் சொல்லணும்னா அதையும் இதையும் முடிச்சுப் போடக் கூடாது. எங்க கட்டடத்து கான்கிரீட் அனேகமா நல்லாத்தான் இருக்கும். ஆனா 'அனேகமா'ங்கறதுதான் எனக்குத் தெரிஞ்சது. 'நிச்சயமா'ன்னு கையெழுத்து போட்டிருக்கேன்.

இந்த நிலைமையிலதான் நெட்ல தேட ஆரம்பிச்சேன். என்ன தேடறேன்னு எனக்கே தெரியலை. 'தப்பான ரிப்போர்ட்ல கையெழுத்து போட்டா என்ன தண்டனை'ன்னுதான் முதல்ல தேடினேன்னு நினைக்கிறேன். அது எங்கெங்கேயோ போய், கடைசியில 'அப்ளைடு அண்ட் ப்ரொஃபஷனல் எதிக்ஸ்'னு ஒரு முதுநிலைப் படிப்பு இருக்குன்னு தெரிஞ்சது. இங்கிலாந்துல லீட்ஸ் பல்கலைக்கழகத்துல இதுக்குன்னே ஒரு மையம் இருக்கு. டாக்டர், இன்ஜினியர், வக்கீல், பிசினஸ்காரங்க, அவங்கவங்க வேலையில வர்ற தர்மசங்கடங்களைப் பத்திப் படிக்கறதும் சொல்லிக் குடுக்கறதும்தான் அவங்க வேலை. நெதர்லாந்துல உட்ரெக்ட்லயும் அப்ளைடு எதிக்ஸ்ல எம்.ஏ. இருக்கு. நான் வேலையை விடாம ஆன்லைன்ல, பகுதி நேரமாப் படிக்கிறேன். காசு எவ்வளவு, ஸ்காலர்ஷிப் கிடைக்குமா, ஐஈஎல்டிஎஸ் வேணுமான்னு கேக்கறவங்க தனியா மெயில் போடுங்க. அதை எழுத ஆரம்பிச்சா இந்தக் கட்டுரை அங்கேயே முடிஞ்சுடும்.

ஒளிவுமறைவு இல்லாமச் சொல்றேன். பாவமன்னிப்பு மாதிரி ஏதாவது கிடைக்கும்னுதான் சேர்ந்தேன். பி.இ. சிவில் பட்டத்தோட உள்ளே போனா, கூடப் படிக்கறவங்க நர்ஸ், போலீஸ் அதிகாரி, கணக்காளர். எல்லாருக்கும் வயசு முப்பதுக்கு மேல. எல்லாரும் ஏதோ ஒண்ணை மனசுல வெச்சுக்கிட்டு வந்தவங்கதான்னு கொஞ்ச நாள்ல தெரிஞ்சது.

கான்ட், மில், அரிஸ்டாட்டில் எல்லாம் வந்தாங்க. அதையெல்லாம் விரிவா எழுதி உங்களைத் தூங்க வைக்க விரும்பலை. ஓடற டிராலியைத் திருப்பி ஒருத்தனைக் கொன்னு அஞ்சு பேரைக் காப்பாத்தலாமான்னு பிலிப்பா ஃபுட் 1967ல ஆரம்பிச்சு வெச்ச புதிர் உங்களுக்கு மீம்லயே தெரியும். எனக்கு நிஜமா உறைச்சது ரெண்டு மூணு விஷயம், அதை மட்டும் சொல்றேன்.

முதல்ல சேலஞ்சர். நம்ம புக்லயே இருக்கு. 1986 ஜனவரி 28, ஏவின 73ஆவது வினாடியில உடைஞ்சது, 7 பேர் இறந்தாங்க. குளிர்ல ஓ-ரிங் விறைச்சுப்போகும்னு ரோஜர் பாய்ஸ்ஜோலி முன்கூட்டியே எழுதிக் குடுத்தார், மேலிடம் கேக்கலை. இவ்வளவுதான் நான் 13 மார்க்குக்கு எழுதினது. இங்கே வந்து படிச்சப்போதான் இன்னொருத்தரைக் கண்டுபிடிச்சேன். ஆலன் மெக்டொனால்ட். பூஸ்டர் செஞ்ச மார்ட்டன் தயகால் கம்பெனி சார்பா ஏவுதளத்துல இருந்த மூத்த இன்ஜினியர். முந்தின ராத்திரி போன்ல நடந்த கூட்டத்துல தயகால்காரங்க முதல்ல 'ஏவாதீங்க'ன்னாங்க, நாசா எரிச்சல்பட்டது, இவங்க பின்வாங்கினாங்க. ஏவலாம்னு எழுத்துல, கையெழுத்தோட வேணும்னு நாசா கேட்டது. மெக்டொனால்ட் போட மாட்டேன்னுட்டார். யூட்டாவுல இருந்த அவரோட மேலதிகாரி போட்டு ஃபேக்ஸ் அனுப்பினார். ராக்கெட் கிளம்பிடுச்சு.

இதைப் படிச்ச ராத்திரி நான் லேப்டாப்பை மூடிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அவர் கையெழுத்து போடலை, ஆனா ராக்கெட் கிளம்பிடுச்சு. அப்போ அவர் போடாததுக்கு என்ன அர்த்தம்? நான் போடலைன்னாலும் சார் வேற யாரையாவது விட்டுப் போட வெச்சிருப்பார்தானே? இந்த 'நான் இல்லைன்னா இன்னொருத்தன்' சமாதானத்துலதான் நான் மூணு வருஷம் ஓட்டியிருந்தேன்.

இதுக்கு மைக்கேல் டேவிஸ்னு ஒருத்தர் 1991ல எழுதின ஒரு கட்டுரையில பதில் மாதிரி ஒண்ணு இருக்கு. அவர் எடுத்துக்கறதும் சேலஞ்சரைத்தான். அந்தக் கூட்டத்துல தயகாலோட இன்ஜினியரிங் துணைத் தலைவரா இருந்த பாப் லண்ட் கிட்ட, இன்ஜினியர் தொப்பியைக் கழட்டிட்டு மேனேஜர் தொப்பியைப் போட்டு யோசின்னு சொன்னாங்க. அவர் போட்டுக்கிட்டார். டேவிஸ் சொல்றது என்னன்னா, ஒழுக்க விதிங்கறது தனி ஆளோட மனசாட்சிக்காக எழுதினது மட்டும் இல்லை, ஒரே தொழில் பண்றவங்க தங்களுக்குள்ள போட்டுக்கற ஒப்பந்தம். நான் ஒருத்தி மட்டும் மறுத்தா என்னைத் தூக்கிட்டு இன்னொருத்தியைப் போடுவாங்க. வர்ற எல்லாருமே மறுப்பாங்கன்னு இருந்தா, கேக்கறதுக்கே யோசிப்பாங்க. ஆக, நான் போட்ட கையெழுத்து அந்தக் கட்டடத்தை மட்டும் பலவீனப்படுத்தலை. எனக்கு அடுத்து அந்த நாற்காலியில வந்து உக்காந்த பொண்ணு 'முடியாது சார்'னு சொல்றதை இன்னும் கஷ்டமாக்கிட்டுப் போயிருக்கேன். போன வருஷம் இருந்த மேடம் பண்ணாங்களேன்னு கேட்டா அவ என்ன பண்ணுவா?

இன்னொண்ணு, டென்னிஸ் தாம்ப்சன் 1980ல எழுதின 'பல கைகள்' பிரச்சினை. ஒரு பெரிய அமைப்புல தப்பு நடந்தா அதுல இத்தனை பேர் கை இருக்கும், யார் பொறுப்புன்னு பிரிக்கவே முடியாது. அவர் அரசு அதிகாரிகளைப் பத்தி எழுதினார். நான் ஒரு தாள்ல எங்க சைட்டை எழுதிப் பார்த்தேன். மெஷினை ரிப்பேர் பண்ணாத ஆள், வண்டி அனுப்பாத ஸ்டோர்ஸ், க்யூப் போடாம விட்ட மேஸ்திரி, எழுதச் சொன்ன சார், எழுதின நான், புரட்டிப் பார்க்காத கன்சல்டன்ட். ஆறு பேர். ஆறு பேரும் 'என் பங்கு கொஞ்சம்தான்'னு சொன்னா அது உண்மை. கூட்டிப் பார்த்தா 36 க்யூப்.

இதை வகுப்புல சொன்னப்போ அந்த நர்ஸ் அக்கா ஒண்ணு சொன்னாங்க. அவங்க ஆஸ்பத்திரியில மார்ஃபின் மாதிரி மருந்துன்னா ரெண்டு நர்ஸ் பார்த்துக் கையெழுத்து போடணும். ரெண்டாவது ஆள் பாதி நேரம் பார்க்காமலே போடுவாங்களாம், முதல் ஆள் மேல இருக்கற நம்பிக்கையில. முதல் ஆள் கொஞ்சம் அசால்ட்டா இருப்பாங்களாம், ரெண்டாவது ஆள் பார்ப்பாங்கங்கற நம்பிக்கையில. எனக்கு எங்க கன்சல்டன்ட் குடிச்ச டீ ஞாபகம் வந்தது.

இதெல்லாம் படிச்சும் நான் ஒரே இடத்துலதான் சுத்திக்கிட்டிருந்தேன். நான் எவ்வளவு கெட்டவ? இதுதான் என் கேள்வி. செமஸ்டர் கட்டுரையையே அதைப் பத்தித்தான் எழுதினேன், பேரெல்லாம் மாத்தி. சொல்லிக் குடுக்கறவங்க திருத்தி அனுப்பினாங்க. மார்க் சுமார்தான். ஓரத்துல ஒரு கேள்வி மட்டும் எழுதியிருந்தாங்க, இந்தக் கட்டுரை முழுக்க நீங்க இருக்கீங்க, அந்தக் கட்டடத்துல இருக்கறவங்க எங்கேன்னு.

அந்த வாரம்தான் கரோலின் விட்பெக்னு ஒருத்தங்க 1996ல எழுதினதைப் படிச்சேன். நம்ம ஆளுங்க எல்லாரும் படிக்கணும். அவங்க சொல்றாங்க, அறநெறிப் பிரச்சினையை நாம எப்பவும் நீதிபதி மாதிரி பார்க்கறோம், யார் சரி யார் தப்புன்னு தீர்ப்பு சொல்ல. ஆனா மாட்டிக்கிட்ட ஆளுக்கு அது டிசைன் ப்ராப்ளம் மாதிரி. ஒரே ஒரு சரியான விடை இருக்காது, ஆனா தப்பான விடைகள் கண்டிப்பா உண்டு. நேரம், காசு, தகவல் எல்லாம் குறைவு. இருக்கறதை வெச்சு ஒரு வழியை வடிவமைக்கணும், ஒண்ணு சரியா வரலைன்னா அடுத்தது என்னன்னு முன்கூட்டியே யோசிச்சு வெக்கணும். அட, இதைத்தானே நாலு வருஷம் டிராயிங் ஹால்ல பண்ணினோம்!

அன்னிக்கு ராத்திரி ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் மாதிரி உக்காந்தேன். என்னென்ன தெரியும், என்னென்ன தெரியாது, யாருக்கு என்ன ஆபத்து, என்ன வழிகள். ரிஜிஸ்டர் போனா என்ன, கட்டடம் அங்கேயேதான் நிக்குது, அதையே கேக்கலாம். ரீபவுண்ட் ஹேமர்னு ஒண்ணு, கை அளவு கருவி, ஸ்ப்ரிங்ல ஒரு எடை கான்கிரீட்டை அடிச்சுட்டு எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டும். செலவு ரொம்பக் கம்மி. ஆனா பழைய கான்கிரீட்ல மேற்பரப்பு மட்டும் இறுகிப்போய் அளவு கூடுதலாக் காட்டலாம், அதனால அதை மட்டும் நம்பக் கூடாது. சந்தேகம் வந்த இடத்துல கோர் வெட்டலாம். குறைஞ்சது மூணு. சராசரி, கேட்ட பலத்துல 85 சதவீதம் இருக்கணும், எந்த ஒண்ணும் 75க்குக் கீழ போகக் கூடாது. இதுவும் அதே ஐ.எஸ். 456லதான் இருக்கு. ஏமாத்தறதுக்கு எடுத்த புக்தான், அடுத்த சில பக்கம் தள்ளி இது இருந்திருக்கு.

யாருக்குச் சொல்றதுங்கறதுதான் சிக்கலா இருந்தது. அப்போ சிட்டிகார்ப் கட்டடம் படிச்சிருந்தேன். நியூயார்க்ல 59 மாடி. அதை டிசைன் பண்ணின வில்லியம் லெமெஷரியருக்கு 1978ல, கட்டடம் திறந்த அப்புறம், மூலைக்காத்து அடிச்சா ஆபத்துன்னு தெரியுது. பேர் போனாப் போகட்டும்னு தானாவே போய்ச் சொல்லி, ராத்திரி ராத்திரியா வெல்டிங் வெச்சுச் சரி பண்ணினார். எல்லா வகுப்புலயும் அவர் ஹீரோ. ஆனா உள்ளே வேலை பார்த்தவங்களுக்கோ சுத்தி இருந்தவங்களுக்கோ உண்மையைச் சொல்லலை. அந்தச் சமயம் பார்த்து நியூயார்க் பத்திரிகைகள் ஸ்ட்ரைக்ல வேற இருந்தது. 1995ல ஒரு பத்திரிகைக் கட்டுரை வந்தப்போதான் ஊருக்குத் தெரிஞ்சது. 17 வருஷம். சரி பண்ணினது பெரிய விஷயம்தான். இருந்தாலும் அங்கே மேஜை போட்டு உக்காந்திருந்தவங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கலைங்கறது எனக்கு ஒட்டவே இல்லை. நான் அவரை மாதிரி பாதி ஹீரோவா இருந்தாக்கூடப் போதும்னு தோணின நாளும் உண்டு, அதையும் சொல்லிடறேன்.

பயம் இருந்தது. சத்யேந்திர துபேயை நம்ம புக்ல ஒரு பெட்டிச் செய்தியாப் போடுவாங்க. ஐஐடி கான்பூர்ல சிவில் படிச்சவர், தங்க நாற்கரச் சாலை வேலையில நடந்த முறைகேடுகளைப் பத்தி 2002ல பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பேரை ரகசியமா வெச்சுக்கச் சொல்லிக் கேட்டும் பேர் வெளியில போச்சு. 2003 நவம்பர்ல கயாவுல சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கு வழிப்பறின்னு முடிஞ்சது. அந்தச் சாவுக்கப்புறம் எழுந்த கோரிக்கையில தகவல் தர்றவங்களுக்கான பாதுகாப்புச் சட்டம் 2014ல வந்தது, அதுவும் அரசு ஊழியர்கள் மேல சொல்ற புகாருக்குத்தான். என் விஷயம் அவ்வளவு பெரிசில்லை, எனக்குத் தெரியும். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு அளவெல்லாம் தெரியாது. அப்பா கிட்ட சொன்னேன். "போனது போச்சு, உன்னை யாரு கேட்டா?"ன்னார். அம்மா மட்டும், "அங்க குழந்தைங்க இருக்காங்களா?"ன்னு கேட்டாங்க.

கம்பெனியோட டெக்னிக்கல் ஹெட்டுக்கு ஒரு கடிதம் எழுதினேன். 12 சாம்பிள், எந்தத் தேதி, எந்த மாடி, எந்த இடம்னு பட்டியல். இவை சோதிக்கப்படவில்லை, எண்களை எழுதியது நான், கையெழுத்து என்னுடையது. இந்த இடங்கள்ல இந்தச் சோதனை பண்ணுங்க. 30 நாள்ல பதில் இல்லைன்னா குடியிருப்போர் சங்கத்துக்கு இதே கடிதத்தைக் குடுப்பேன். யார் சொல்லி எழுதினேன்னு எழுதலை.

பதில் வரலை. பதிமூணாவது நாள் சார் கூப்பிட்டார்.

"எம்மா, நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன் சார்."

"என்னம்மா இப்போ போய்..."

"சார், உங்க பேரை நான் எழுதலை."

"எழுதலைன்னா? அந்த சைட்ல உனக்குச் சொல்றதுக்கு வேற யாரு இருந்தா?"

எனக்குப் பதில் வரலை. தனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்குன்னார். திட்டவே இல்லை. திட்டியிருந்தா சுலபமா இருந்திருக்கும். வெக்கறதுக்கு முன்னாடி, "என்னவோ படிக்கிறியாமே, நல்லாப் படி"ன்னார். என் டிசைன்ல அவருக்கு என்ன ஆகும்ங்கற கட்டத்தை நான் காலியாத்தான் விட்டிருந்தேன். இப்பவும் அது காலியாத்தான் இருக்கு.

31ஆவது நாள் சங்கச் செயலாளருக்குக் கடிதம் குடுத்தேன். அப்புறம் எல்லாம் வேகமா நடந்தது. ரெண்டு பேர் போன்ல கத்தினாங்க, வீட்டு விலை போயிடும்னு. ஒரு பாட்டி, "இன்னிக்கு ராத்திரி இங்க படுக்கலாமாம்மா?"ன்னு கேட்டாங்க. விரிசலோ ஒழுக்கோ இருக்கான்னு கேட்டேன், இல்லைன்னாங்க, அப்போ படுக்கலாம் பாட்டின்னேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன தகுதின்னு இன்னும் யோசிக்கிறேன். கம்பெனி ஆள் அனுப்பி, பூச்சைக் கொத்தி எடுத்துட்டு ஹேமர் டெஸ்ட் பண்ணினாங்க. 12 இடத்துல 10 இடம் நல்லாவே இருக்கு. ரெண்டு இடம் குறைவாக் காட்டுது. ரெண்டும் மூணாவது மாடி ஸ்லாப்ல, லிஃப்ட் பக்கம். அங்கே கோர் வெட்டறதுன்னு முடிவாகியிருக்கு. வர்ற சனிக்கிழமை. சாட்சியா நானும் வரணும்னு சங்கத்துல கேட்டாங்க.

நேத்து செயலாளர் போன் பண்ணினார். புதுசா வந்தவர், முன்னாடி பேசினவர் இல்லை.

"மேடம், லிஃப்ட் பக்கத்துல துளை போடுவாங்களாமே, தூசி வருமா?"

"தண்ணி விட்டுத்தான் வெட்டுவாங்க சார். தூசி வராது, சேறு மாதிரி கொஞ்சம் ஓடும். வாசல்ல கோணி போட்டுக்கச் சொல்லுங்க."

"டைல்ஸ் உடையுமே, அதே கலர்ல போட்டுத் தருவாங்களா?"

"கேட்டு வாங்குங்க சார். எழுத்துல வாங்குங்க."

"சரி சரி. நீங்க கம்பெனி இன்ஜினியரா மேடம்?"

"இல்லை சார். அந்த ரெஜிஸ்டர்ல கையெழுத்து போட்டவ."

கொஞ்ச நேரம் அவர் ஒண்ணும் பேசலை. பின்னாடி ஏதோ குக்கர் விசில் சத்தம். அப்புறம், "எத்தனை மணிக்கு வருவீங்க?"ன்னு கேட்டார்.

ஒன்பது மணிக்குன்னு சொன்னேன்.